வெல்டர் முகமூடியை இறக்கும் காட்சி

ஆறாம் பாகத்தைப் பற்றி எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவில் இருபத்து மூன்று பேர் கருத்துச் சொன்னோம். அதில் இருபத்து இரண்டு பேர் சொன்னது தப்பு. சினிமா ஆளுக்கொரு ரசனை, இதில் சரியும் தப்பும் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. சரியாகச் சொன்ன ஒரே ஆள் என் அண்ணன். எங்கள் தப்பால், குறிப்பாக என் வாயால், அவர் முப்பது வருடமாகச் செய்துவந்த வேலையை விட்டுவிடப் பார்த்தார்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் முகமூடி போட்ட ஒருவன் ஓர் அமெரிக்கச் சிற்றூரில் ஆட்களை வரிசையாகக் கொல்வான். அவ்வளவுதான் கதை. ஐந்து பாகங்களில் ஐந்து முறை செத்திருக்கிறான், ஐந்து முறை எழுந்திருக்கிறான். ஏன் கொல்கிறான் என்பதற்கு ஒவ்வொரு பாகத்திலும் ஒரு காரணம் சொல்வார்கள், அடுத்த பாகத்தில் அதை மறந்துவிடுவார்கள். நாங்கள் மறக்க மாட்டோம். மலேசியாவில் பினாங்குத் தீவிலும் எதிரே பெருநிலக் கரையிலும் இருக்கிற ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் குழுவில், எந்தப் பாகத்தில் எத்தனையாவது நிமிடத்தில் யார் செத்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரும். பெருமைதான், ஒன்றுக்கும் உதவாத பெருமை.

அண்ணன் கரைப் பக்கம் பிறை என்ற ஊரில் ஒரு பட்டறையில் வெல்டர். முதல் பாகம் வந்தபோது சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு படம்லா, வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். அண்ணிக்கு ரத்தம் ஆகாது. மீன் கழுவும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்பவர், அவரை எங்கே கூப்பிடுவது? படம் முழுக்க அண்ணனுக்கு ஒரே குறை. கொலைகாரன் முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கி விட்டுக்கொண்டு வெல்டிங் செய்கிறான். "டேய் முட்டாப்பயலே, கண்ணு வெந்துரும்டா!" என்று அரங்கிலேயே கத்தினார். முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் மணலை அள்ளிக் கண்ணில் போட்டதுபோல் ஒரு நாள் முழுக்க உறுத்துமாம். ஐந்து பாகத்திலும் அந்தக் கொலைகாரன் ஒருமுறைகூட முகமூடியை இறக்கிவிட்டுப் பற்றவைக்கவில்லை. ஐந்து பாகத்திலும் அண்ணன் அதற்காகவே அவனைத் திட்டினார்.

நான் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறேன். ஆதாரம் இல்லாத எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி படத்திலும் விடாது. முதல் காட்சி பார்த்து வெளியே வந்ததும் உட்கார்ந்து, காட்சி ஒன்று, காட்சி இரண்டு என்று கைப்பேசியில் முழுப் பட்டியல் எழுதிவிடுவேன். குழுவில் ஏதாவது சண்டை வந்தால் "அக்காகிட்ட கேளு" என்பார்கள். நான் சொன்னால் முடிந்தது. அண்ணனும் அப்படித்தான், தனக்கு ஞாபகம் இல்லாததையெல்லாம் என்னைக் கேட்டுத்தான் நம்புவார்.

ஆறாம் பாகத்தைச் சிரிப்புப் படமாக எடுத்துவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபம், அங்கே வந்த விருந்தாளிகள், அவர்களுக்கு நடுவே நம் வெல்டர். வியாழக்கிழமை பகல் காட்சிக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் சிரித்தேன். சிரித்ததற்காகவே இன்னும் கோபம் வந்தது.

அன்று மாலை குழு பற்றி எரிந்தது. சுங்கை பாக்காப்பில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருத்தி, "ஐயோ நல்லாத்தானே இருக்கு, இப்பதான் என் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போக முடிஞ்சுச்சு" என்று எழுதினாள். பர்கர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன், "கொலையும் பத்தல, சிரிப்பும் பத்தல, ரொட்டி மட்டும் குடுத்துட்டு உள்ள ஒண்ணும் வைக்கல" என்றான். பயப்படுத்த வேண்டியவனைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டால் ஏழாம் பாகத்தில் யார் பயப்படுவார்கள் என்று ஒருவர் கேட்டார். அது நல்ல கேள்வி. ஆனால் எல்லோரும் ஒத்துக்கொண்ட குறை ஒன்று இருந்தது. விருந்துச் சமையல்காரன் முதல் பாதியில் அவ்வளவு பேசுகிறான், சிரிக்க வைக்கிறான், பிறகு சமையலறைக்குப் போகிறான், அதோடு ஆளையே காணோம். அடுத்த காட்சியில் விருந்தாளிகள் "சாப்பாடு எங்கே?" என்று கேட்கிறார்கள், படம் அவனை மறந்துவிடுகிறது. சோம்பேறித் திரைக்கதை என்று நான் எழுதினேன். பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

அண்ணன் என்னோடு அந்தப் படத்துக்கு வரவில்லை. பட்டறை ஆட்களோடு இரண்டு நாள் ஹாட்யாய் போயிருந்தார். எல்லை தாண்டினால் தாய்லாந்து, காரில் ஒரு காலைப்பொழுது. அங்கே மழை பிடித்துக்கொண்டதால் ஒரு கடைத்தொகுதிக்குள் ஒதுங்கி, அங்கேயே இந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். முதல் ஐந்தும் நாங்கள் சேர்ந்தே பார்த்தவை. நான் இல்லாமல் பார்த்துவிட்டாரே என்ற எரிச்சல் எனக்கு ஏற்கெனவே இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

சனிக்கிழமை குழுவில் அவருடைய குரல் பதிவு வந்தது. அண்ணன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எல்லாப் பாகத்துலயும் இதான் பெஸ்ட்டு. அந்தச் சமையல்காரன இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு மூடுவான் பாருங்க, முகமூடிய இறக்கிட்டுத்தான் பத்தவைக்கிறான்! ஒட்டி முடிச்சிட்டு, தூக்கிப் பார்த்து, ஒட்டு சரியில்லன்னு மறுபடியும் தேய்ச்சு ஒட்டுறான்லா. உள்ள இருக்கிறவன் சீக்கிரம் முடிங்கன்னு சத்தம் போடுறான். வேலை தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட கேட்டு எடுத்திருக்கானுங்க."

நான் என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு காட்சி இல்லை. அதை அப்படியே குழுவில் எழுதினேன்.

குழுவிலும் ஒருவர்கூட அப்படி ஒரு காட்சியைப் பார்க்கவில்லை. "அண்ணே, ஹாட்யாய்ல என்ன குடிச்சீங்க?" என்று பர்கர் கடைத் தம்பி கேட்டான். ஒருவர் அண்ணனின் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஒட்டுப்படம் செய்து போட்டார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறீங்களே, நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று அண்ணன் கேட்டார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்காதீர்கள் என்றேன் நான். அவர் விடவில்லை. நானும் விடவில்லை.

"தாய்லாந்து எழுத்து ஓடுற படத்துல உங்களுக்கு என்னாண்ணே புரிஞ்சிருக்கும்?" என்றேன்.

"படம் பார்க்கப் படிக்கத் தெரியணுமா? கண்ணு போதும்லா."

"அந்தக் கண்ணே போயிருச்சுன்னா? முப்பது வருஷம் நெருப்பப் பார்த்த கண்ணு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாண்ணே?"

எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அண்ணன் அதற்குப் பதில் போடவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து, கோப்பியைக் குடித்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் அண்ணன் என்னோடு பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒரு சினிமாவுக்காகக் கோபித்துக்கொள்கிற வயசா என்று எனக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கெப்பாலா பத்தாஸிலிருந்து அண்ணி அழைத்தார். அவர்கள் வீடு அங்கேதான். "உங்கண்ணன் இப்ப ஸ்டோர்ல உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் குடுக்கிறாரு, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது.

பட்டறையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெல்டர்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் கையில் வெல்டிங் கருவியைக் கொடுப்பார்கள். ஆறேழு மாதமாகவே அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். பயம், யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குரல் பதிவை அனுப்பியபோது பரிசோதனைக் கடிதம் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அடுத்த வாரம் போக வேண்டியவர், போகவில்லை. "இல்லாததெல்லாம் கண்ணுல தெரியுது, நான் எப்படி நெருப்பப் பிடிக்கிறது?" என்று முதலாளியிடம் தானே சொல்லி, ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். அவருடைய இடத்தில் வேறு ஆளைப் போடப் பேச்சு நடக்கிறது என்றார் அண்ணி.

அப்போதும் எனக்குப் பாவமாக இருந்ததே தவிர, நான் தப்பு என்று தோன்றவில்லை. கண் சரியில்லையென்றால் ஸ்டோர்தான் நல்லது, நல்லவேளை நான் சொன்னேன் என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பிற்பகல், ஆறாம் பாகம் வீட்டுத் தொலைக்காட்சியில் சந்தா கட்டிப் பார்க்கும் தளம் ஒன்றில் வந்தது. துணி மடித்துக்கொண்டே ஓடவிட்டேன். சமையல்காரன் சமையலறைக்குப் போனான். அடுத்து விருந்தாளிகள் சாப்பாடு எங்கே என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. கேமரா அவன் பின்னாலேயே உள்ளே போனது.

இரும்புப் பெட்டி இருந்தது. வெல்டர் இருந்தான். முகமூடியை இறக்கினான், பிறகுதான் பற்றவைத்தான். ஒட்டி முடித்துத் தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு தேய்த்து, மறுபடி ஒட்டினான். உள்ளிருந்தவன் சீக்கிரம் முடிக்கச் சொல்லிக் கத்தினான். கடைசியில் அந்த ஒட்டின் ஓரத்திலிருந்து ரத்தம் வழிந்தது. அதற்காகத்தான் இங்கே அரங்குகளில் தணிக்கையில் அந்தக் காட்சியை மொத்தமாக எடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. முன் பாகங்களில் வெட்டு விழுந்தால் இசை துள்ளும், நாங்கள் உடனே கண்டுபிடித்துக் கத்துவோம். இது சிரிப்புப் படம், இதில் என்னத்தை வெட்டப்போகிறார்கள் என்று யாரும் யோசிக்கவே இல்லை. சமையல்காரனைக் காணோம் என்று இருபத்து இரண்டு பேரும் புலம்பினோமே, அவன் எங்கே போனான் என்று தெரிந்த ஒரே ஆளை நான் குருடன் என்றேன். மடித்த துணியெல்லாம் தரையில் கிடந்தது. அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகவில்லை. பெர்ரிப் படகு பிடித்துக் கரைக்குப் போய், அங்கிருந்து வண்டி பிடித்துப் பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஸ்டோர் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "என்னா, வேலை இல்லியா?" என்றார். நான் கைப்பேசியைக் கம்பிவலைக்குக் கீழே தள்ளினேன். காட்சி ஓடியது. கடைசிவரை பார்த்தார்.

"இன்னொரு தடவ போடு."

போட்டேன். மூன்றாவது தடவை அவரே போட்டுக்கொண்டார். முகமூடி இறங்கும் இடத்தில் நிறுத்தி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எங்களுக்கு வெட்டிட்டாங்கண்ணே. நான் பார்த்ததுல இல்ல. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அவனுங்க எல்லாரும் இல்லேன்னு சொன்னப்ப எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "நீ பட்டியலப் பார்த்துட்டு இல்லேன்னியே, அப்புறம்தான் பயம் வந்துருச்சு." கைப்பேசியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அங்கேயே நின்று பரிசோதனைக்கு நாள் வாங்கினேன். அண்ணன் மறுபடி ஆணிகளைப் பிரிக்க ஆரம்பித்தார். குழுவில் காட்சியைப் போட்டேன். மன்னிப்புகள் குவிந்தன, பர்கர் கடைத் தம்பி அண்ணனுக்கு ஆயுசுக்கும் பர்கர் இலவசம் என்று எழுதினான். அண்ணன் எதையும் திறந்து பார்க்கவில்லை.

புதன்கிழமை பட்டர்வொர்த்தில் இருக்கும் கிளினிக்குக்கு நானும் கூடவே போனேன். அறையில் சுவரோரமாக எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தாதி காட்டிய பலகையை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார். பெரிய எழுத்துகள் தடையில்லாமல் போயின. ஆகக் கீழே இருந்த பொடி வரிக்கு வந்ததும் நிறுத்தி நிறுத்தி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தாதியைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்படித்தானே இருக்கு?" என்றார்.

என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அந்த வரி வெறும் கறுப்புக் கோடாகத்தான் தெரிந்தது.

"இருக்குண்ணே" என்றேன்.