கீரை வயலில் நட்ட வாசல் நிலை

எங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். கதவைத் திறந்தால் எதிரே இன்னொருத்தர் முகம் தெரியக் கூடாது. தாராவியில் நாங்கள் இருந்த அறைக்கு எதிர்க்கதவு கையெட்டும் தூரம். அவர்கள் கருவாட்டுக் குழம்பு வைத்தால் எங்கள் வீட்டில்தான் முதலில் மணக்கும்.

அதற்காகத்தான் அப்பா லேத் பட்டறையில் உழைத்துச் சேர்த்ததைக் கொண்டு, சுனாபட்டி ரயில் பாதைக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அறுபதுகளின் நடுவில் அது. பள்ளமான கீரை வயல். ஒரு மராட்டிக்காரர் குத்தகைக்குப் பாலக் கீரை போட்டிருந்தார். "அறுத்து முடிச்சதும் போயிருவாரு" என்றார் அப்பா.

வாங்கின சூட்டோடு அவர் செய்த காரியம் திருநெல்வேலிக்காரன் மட்டுமே செய்யக்கூடியது. அஸ்திவாரம் இல்லை, முனிசிபாலிட்டி அனுமதி இல்லை, முதலில் வாசல் நிலையை நட்டார். எங்கள் ஊரில் நிலை வைத்துவிட்டால் அது வீடு. வைத்த நிலையைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது. வேதக்காரர்களான, அதாவது கிறிஸ்தவர்களான நாங்களும் இந்த விஷயத்தில் ஊரோடு ஒத்தவர்கள்தான். உபதேசியாரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணி, தேக்கு நிலையைக் கீரைக்கு நடுவே நிறுத்தி, எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள்.

"நிலை நின்னுட்டுல்லா, இனி எவன் வந்து கை வைப்பான்?" என்றார் அப்பா.

வந்தான். முனிசிபாலிட்டி அதிகாரி. நிலம் உன்னுடையதுதான், வீடு மட்டும் கட்டக் கூடாது என்று இந்தியில் சொன்னான். அந்தப் பக்கத்து வயலெல்லாம் வயலாகவே இருக்க வேண்டுமாம். மழைத்தண்ணீர் வந்து நிற்க அந்தப் பள்ளம் வேண்டுமாம். மண்ணடித்து மேடாக்கினால் ரயில் பாதையோரக் குடிசைகள் முங்குமாம்.

"காசு குடுத்தவன் நான், பத்திரம் எம் பேர்ல. எம் மண்ணுல வீடு கட்ட நான் எவன்கிட்ட கேக்கணும்? குடிச மேல இருக்க அக்கற எம் பொண்டாட்டி மேல இல்லியா?"

அப்பா தமிழில்தான் கத்தினார். அந்த ஆளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. யாருக்குமே வரவில்லை. மரத்துப்போய் வீட்டுக்கு வந்து சோறு தின்றோம்.

அப்பா மனு மேல் மனு போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. விற்கலாமென்றால், வீடு கட்ட முடியாத நிலத்தை எவன் வாங்குவான்? அந்த வருஷ மழையில் போய்ப் பார்த்தோம். நிலையின் பாதி வரை தண்ணீர். பாதையோரக் குடிசைகளில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. அந்தப் பாழாய்ப்போன அதிகாரி சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். தப்பாகச் சொல்லியிருந்தால் வாயாரத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

தண்ணீர் வடிந்தபின் மராட்டிக்காரர் மறுபடி விதைத்தார். நிலையைப் பிடுங்க அப்பாவுக்கு மனசில்லை. மராட்டிக்காரரும் அதைத் தொடாமல் பாகற்கொடியை ஏற்றிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அம்மா அங்கே போகணும் என்றாள். நான் கூடப் போனேன். வரப்போரமாக நடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து நிலையைத் தாண்டினாள். பிறகு திரும்பி நின்று, வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறவள் மாதிரி வெளியே பார்த்தாள். எட்டின மட்டும் கீரை.

"எதுத்தாப்ல ஒரு மூஞ்சியும் இல்லளா" என்றாள்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள், தாராவிக்கு வந்தோம். எங்கள் சந்தில் விடிந்தால் எல்லாக் கதவும் திறந்துதான் கிடக்கும். அன்றிலிருந்து எங்கள் கதவை மட்டும் அம்மா சாத்தியே வைத்தாள்.