ஒரு நம்பருக்கு ஓர் ஆள்

சுடலைமுத்து என்ற மனிதர் இந்த மலையில் உழைத்ததற்கு இருந்த ஒரே சான்றை அழித்தவன் நான். அழித்தது மட்டுமில்லை... அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று அவருடைய மகளிடம் சொன்னவனும் நான்தான்.

நீங்கள் என்னைத் திட்டுவதற்கு முன்னால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை.

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆபீஸில் எனக்குக் கணினி வேலை. பிறந்ததும் அதே எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில்தான். தொழிலாளர்களின் பழைய வருகைப் பதிவேடுகள் மழையில் ஊறி, பூச்சி அரித்துக் கிடந்தன. எங்கள் பேச்சில் அவை செக்ரோல். பல்லாயிரம் பக்கங்களை ஸ்கேன் செய்தோம். அவற்றை ஆள்வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும் என்றார் மேனேஜர். ஆறு மாதம் பிடிக்கும் வேலை. ஏஐயிடம் கொடுத்தால் ஒரே வாரம் என்று மார்தட்டினேன்.

வேலை பாதியில் நிற்க, அது என்னிடம் கேட்டது: ஒரே தொழிலாளர் நம்பரில் வேறு வேறு பெயர்கள் வருகின்றன, என்ன செய்யட்டும்?

ஒரு நம்பருக்கு ஓர் ஆள்தான், தெளிவான பெயருள்ள பக்கங்களை வைத்துக்கொள், மற்றவற்றை ஒதுக்கு என்று தட்டினேன்.

எனக்குத் தெரியாதா? எங்கள் எஸ்டேட்டில் அப்பா ஓய்வு பெற்றால் வேலையோடு நம்பரும் பிள்ளைக்கு வரும். என் அம்மா கொழுந்து எடுத்ததே அவளுடைய மாமியாரின் நம்பரில்தான்! அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை... இல்லை, பொய் சொல்கிறேன். உறைத்தது. மறுபடி உட்கார்ந்து சரிபார்க்கச் சோம்பல்.

ஒதுக்கிய பக்கங்கள் இடத்தை அடைக்கின்றன என்று அழித்தேன். ஸ்கேன் ஆகிவிட்டதே என்று பழைய பதிவேடுகளும் ஃபேக்டரி அடுப்புக்குப் போயின. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார்.

அடுத்த வருடம் எதிர் லயத்துப் பேச்சியம்மாள் அக்கா ஆபீஸுக்கு வந்தார். மகள் அனிதா நர்சிங் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தமிழர்களான எங்களுக்கு அது லேசில் கிடைக்காது. முன்னோர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்பே இங்கே கேரளாவில் இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும்.

"எங்கப்பா சின்ன வயசுலயே பேர் பதிஞ்சவரு தம்பி. வில்லேஜ் ஆபீஸ்ல ஒரே ஒரு பக்கம் கேக்காங்க. எடுத்துக் குடுத்துரு."

அப்பா சுடலைமுத்துவிடமிருந்து அக்காவுக்கு வந்த நம்பர் முந்நூற்றுப் பதினெட்டு. தேடினேன். அக்கா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்துதான் பதிவு இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஏன் இல்லை என்பது அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தால், பதிவேடு அழிந்துபோனது என்று எஸ்டேட் ஒரு கடிதமாவது கொடுத்திருக்கும். ஆனால் இன்னும் எத்தனை குடும்பங்கள் என்று கேட்பார்களே... என் வேலை போய்விடுமே!

"அந்தக் காலத்துப் பக்கங்கள்ல உங்கப்பா பேரு இல்லக்கா."

"இல்லாம எப்படித் தம்பி? அவரு நம்பர்தான எனக்கு வந்துச்சு?"

"கம்ப்யூட்டர் எல்லாப் பக்கத்தையும் பாத்துட்டுத்தான் சொல்லுது. அது தப்பு விடாதுக்கா."

அக்கா, மலையாளத்தில் யாரோ எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. அனிதா இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுகிறாள். வழியில் என்னைக் கண்டால் சிரிப்பாள். எப்படித் தாங்குகிறாய் என்று கேட்கிறீர்களா? தாங்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் பள்ளிவாசல் என்ற ஊரில் பஸ்ஸுக்கு நின்றபோது அக்காவும் அங்கே நின்றார். இந்த வருடம் அப்பாவின் நினைவு நாளுக்குப் படையல் வைக்கவில்லை என்றார். ஏன் என்று நான் கேட்டிருக்கவே கூடாது.

"அந்தக் காலத்துலயே வந்து காடு வெட்டுனேன்னு சாகுற வரைக்கும் சொன்னாரு தம்பி. எல்லாம் பொய் போல. பிந்தித்தான் வந்திருக்காரு. அந்த மனுசன் பேச்சை நம்பி எம்புள்ளைக்கு ஆசை காட்டிட்டேன்."

சொல்ல நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்... அதற்குள் பஸ் வந்து நின்றது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கும்க்கா" என்றேன்.