மடி கட்டிப் படியுங்கள்

அக்காவின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நினைவு மலரில் கோபத்தைக் காட்டக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டுப் போனார். முயன்று பார்த்தேன், முடியவில்லை. போன வருடம் கருமாதி அன்று காலை, பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் நான் ஒரு ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்று, அக்காவுக்கு வைத்திருந்த பேனரில் கறுப்புப் பெயின்ட் அடித்ததைப் பலரும் பார்த்தீர்கள். தம்பிக்காரன் குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறான் என்று சிலர் பேசியதும் என் காதுக்கு வந்தது. நான் குடிக்கவில்லை. ஏன் ஏறினேன் என்று சொல்ல, அக்காவின் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

அக்கா லைட்ஹவுஸ் குப்பத்தில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நடை பழகி ஓடியாடும் வயதில் அம்மை கண்டது. இறங்கும்போது இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது. அப்போது பாலம் கிடையாது. படகில் ஏரியைக் கடந்து, பஸ் பிடித்து, நைனாவும் அம்மாவும் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். போன இடத்திலெல்லாம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். படகுக்காரப் பிழைப்பில் முன்னாடி என்பது எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை.

சின்ன வகுப்புகளை அக்கா பட்டணத்தில், பார்வையில்லாப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் படித்தார். புள்ளி எழுத்தைத் தடவிப் படிக்க அங்கேதான் கற்றார். பிறகு வீட்டை விட்டு இருக்க மாட்டேன் என்று அழுது திரும்பி வந்து, பழவேற்காட்டுப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்தார். புள்ளி எழுத்தில் எண்கள் வேறு மாதிரி இருக்கும். நாம் எழுதுகிற நான்கும் ஏழும் எப்படி வளையும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் நான் அவரை டச்சுக்காரர் கல்லறைக்கு அழைத்துப் போனேன். அங்கே கல்லில் எழுத்தும் வருடமும் மேடாகச் செதுக்கியிருக்கும். அக்கா ஒவ்வொரு எண்ணாக விரலால் ஓட்டிப் பார்த்து, "இதாடா ஏழு? கொக்கி மாதிரி கீது" என்று சிரித்தார். காவல்காரர் ஓடிவந்து, கல்லில் கை வைக்காதே என்று விரட்டினார். உயிரோடு இருக்கிற ஒரு மனிதரும் அதுவரை அக்காவின் கையில் ஓர் எண்ணைக் கொடுத்ததில்லை. செத்துப்போன டச்சுக்காரர்கள் கொடுத்தார்கள், அதற்கும் விரட்டு.

அக்காவுக்குக் கணக்கு என்றால் உயிர். ஆனால் கணக்குப் புத்தகத்தை யாராவது வாய்விட்டுப் படித்தால்தானே அவருக்குப் புத்தகம்? வீட்டில் நான் படிப்பேன். "ஏ பிளஸ் பி ஸ்கொயர்" என்று ரயில் மாதிரி ஓடுவேன். அக்கா போடுகிற விடையெல்லாம் தப்பாக வரும். ஏயையும் பியையும் கூட்டி, வந்ததை வர்க்கம் செய்வது ஒன்று. பியை மட்டும் வர்க்கம் செய்து அதை ஏயோடு கூட்டுவது வேறொன்று. மூன்றையும் இரண்டையும் வைத்துப் பாருங்கள். முதலாவதில் இருபத்தைந்து வரும், இரண்டாவதில் ஏழுதான் வரும். தாளில் ஒரு அடைப்புக்குறி இதைப் பிரித்துக் காட்டிவிடும். கண் உள்ளவர்களுக்கு அது தானாகத் தெரிவதால், வாயால் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை.

"எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுனு சொல்லாம ஓடினா நான் இன்னாத்தப் போடறது?" என்று அக்கா ஒரு நாள் கத்தினார். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்காமலே, "மடி கட்டாத வலை மாதிரி படிக்கிறான். எல்லாம் அந்தாண்ட ஓடிப்பூடுது" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வலையின் கடைசியில் மீன் வந்து சேரும் பைதான் மடி. கடலில் இறக்கும் முன் அதன் வாயைக் கயிற்றால் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வருகிற மீன் வந்த வழியே போய்விடும். அதனால் வலை இறக்கும் முன் படகில் ஒருவர், "மடி கட்டியாச்சா?" என்று கேட்பார், இன்னொருவர், "கட்டியாச்சு" என்று சொல்வார். கேட்டவரே கண்ணால் பார்த்திருந்தாலும் கட்டியவர் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வலை இறங்காது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கணக்கு அப்படித்தான் படிக்கப்பட்டது. அடைப்பு திறந்தால் "மடி". மூடினால் "கட்டியாச்சு". பின்னத்துக்கும் வர்க்கமூலத்துக்கும் அதேதான். எது எதற்குக் கீழே வருகிறதோ அதை மடியில் போட்டுக் கட்டிவிட வேண்டும். அக்காவின் விடைகள் சரியாக வரத் தொடங்கின. எழுத்தே தெரியாத எங்கள் அம்மா, மீன் கழுவிக்கொண்டே, "டேய், மடி தொறந்த, கட்டவேயில்லியே" என்று என்னைப் பிடித்துக் கொடுப்பார்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. கேள்வியைப் படித்து, அக்கா சொல்லும் விடையை எழுத, வெளியிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் ஒரு கேள்வியை, "எக்ஸ் பிளஸ் ஆறு பை ரெண்டு" என்று படித்தார்.

"சார், பை ரெண்டு ஆறுக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?" என்று அக்கா கேட்டார்.

"தாள்ல இருக்கறத படிக்கத்தாம்மா எனக்கு உத்தரவு. விளக்கம் சொல்லக் கூடாது."

"விளக்கம் கேக்கல சார். கோடு எங்க ஆரம்பிக்குதுனு கேக்கறேன். அதுவும் தாள்லதானே கீது?"

அவர் அறைக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொன்னால் அது மாணவிக்கு உதவி செய்ததாகிவிடும் என்று அந்தப் பெரிய மனிதர் தீர்ப்புச் சொன்னார். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது உதவி இல்லையாம்.

அக்கா என்ன செய்வார்? கோடு ஆறுக்கு மட்டும் என்றால் இது விடை, எல்லாவற்றுக்கும் என்றால் இது விடை என்று இரண்டையும் சொல்லி எழுத வைத்தார். தாள் முழுக்க அப்படியே. முடிவு வந்தபோது கணக்கில் தோல்வி. ஒரு கேள்விக்கு இரண்டு விடை எழுதினால் இரண்டையும் அடித்துவிடுவது வழக்கம் என்று பள்ளியில் ஆற அமர விளக்கினார்கள். பிறகு ஒரு விண்ணப்பத்தை நைனா முன் நீட்டினார்கள். பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு, கையெழுத்துப் போட்டால் மற்ற பாடங்களை வைத்துத் தேர்ச்சி போட்டுவிடலாம். "பாவம், அந்தப் பொண்ண ஏன் கஷ்டப்படுத்தறீங்க?" என்று அன்போடு கேட்டார்கள். அந்த அன்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நைனா பேனாவை வாங்கிவிட்டார். அக்கா தடவி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா, போடாத. நான் கணக்குல பாஸாவறேன், இல்ல ஃபெயிலாவறேன். எனக்குக் கணக்கே கிடையாதுனு மட்டும் எழுதிக் குடுத்துடாத."

நைனா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மறுபரீட்சைக்குக் கேள்வியைப் படித்துக் காட்டி விடையை எழுதுபவரை நாங்களே ஏற்பாடு செய்து அனுமதி வாங்கினோம். கூடப் பிறந்தவன் என்பதால் என்னை விடவில்லை. பக்கத்து வீட்டுக்கு மருமகளாக வந்திருந்த கோமதி அண்ணி, திருப்பாலைவனத்தில் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர், நான் வருகிறேன் என்று முன்வந்தார். எங்கள் முறையில் படிக்கப் பல நாள் அக்காவோடு உட்கார்ந்து பழகினார். பரீட்சை அன்று அண்ணி முதல் கணக்கைப் படித்ததுமே கண்காணிப்பாளர் பாய்ந்து வந்தார்.

"இன்னா மடி? இன்னா கட்டியாச்சு? சிக்னல் குடுக்கறீங்களா?"

கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொண்டு பறக்கும் படைக்குச் சொல்லி அனுப்பினார். பிட் அடிக்கிறவர்களைப் பிடிக்க வருகிற படை, அடைப்புக்குறியைப் பிடிக்க வந்தது! வந்த அதிகாரி ஒரு பெண்மணி. அவரிடம் அக்கா எழுந்து நின்று சொன்னார்: "மேடம், தாள்ல இருக்கற வளைவத்தான் இவங்க சொல்றாங்க. அந்த வளைவு கண்ணு தெரியறவங்களுக்கு மட்டும்னு அச்சடிச்சதா?"

அந்த அம்மையார் கேள்வித்தாளை வாங்கி, அண்ணியை மறுபடி படிக்கச் சொல்லி, விரலை வைத்துக்கொண்டே வந்தார். "சரியாத்தான் படிக்கறாங்க. உக்காந்து எழுதட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பறிபோன நேரத்தை மட்டும் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசிக் கேள்விகளை எழுதாமலே அக்கா வெளியே வந்தார். இருந்தும் தேறினார்.

பிறகு அவர் கணிதத்தில் பட்டம் பெற்றதும், மீஞ்சூரில் ஆசிரியை ஆனதும் நீங்கள் அறிந்ததே. வகுப்பில் யாராவது அடைப்பைச் சொல்லாமல் படித்தால் அந்தப் பிள்ளையை உட்காரவே விட மாட்டார். கண்ணுள்ள பிள்ளைகள்தான், ஆனாலும் வாயால் சொல்லியாக வேண்டும். கோபக்கார டீச்சர் என்று பெயர். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி நாட்களிலும் அதே கதைதான். அக்கா கட்டிலில் விழித்திருக்க, பரிசோதனை முடிவுகளை என்னிடம் மட்டும் காட்டிப் பேசினார்கள். இளம் டாக்டர் ஒருவரிடம் அக்கா, "தம்பி, கண்ணுதான் இல்ல, காது கீது. நம்பர்ல புள்ளி எங்க வருதுனு சேத்துப் படிங்க" என்றார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணாக, புள்ளியோடும் அளவோடும் படித்தார். நிலைமை என்ன என்று அக்காவுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அவர் பயப்படவில்லை. இனி இருக்கும் நாட்களுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று அவரே முடிவெடுத்தார். ஏரிக்காற்று அடிக்கிற அறையில், அம்மாவின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார்.

கோமதி அண்ணிக்கு எங்கள் நன்றி. பரீட்சை நாட்களில் காசு வாங்காமல் அக்கரை சேர்த்த படகுக்காரர்களுக்கும், பெயர் தெரியாத அந்தப் பறக்கும் படை அம்மையாருக்கும், புள்ளி சொல்லிப் படித்த டாக்டர் தம்பிக்கும், பதினாறு நாளும் கூட இருந்த குப்பத்து ஜனங்களுக்கும் நன்றி. விலக்கு வாங்கிக்கொள் என்றவர்களுக்கும், துக்கம் கேட்க வந்து "பாவம், இருட்டிலேயே வாழ்ந்துட்டா" என்றவர்களுக்கும் நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. அக்காவும் சொல்லியிருக்க மாட்டார்.

இனி பேனர் விஷயம். அக்காவின் பழைய மாணவர்கள் பாசத்தோடுதான் வைத்தார்கள். அக்கா படம், பூ, இரண்டு பக்கமும் விளக்கு. படத்துக்குக் கீழே, டீச்சர் சொல்லிக் கொடுத்தது என்று பெரிய எழுத்தில் ஒரு வரி: a + b² = a² + 2ab + b². அடைப்புக்குறி இல்லை. அச்சடித்தவன் விட்டானா, எழுதிக் கொடுத்தவன் விட்டானா தெரியாது. இத்தனை போராடியவரின் முகத்துக்கு நேர் கீழே அதையே விட்டிருந்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. படகில் பெயர் எழுதுகிற பெயின்ட்டையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு ஏறினேன்.

காரியத்துக்குக் கரைக்குப் போகும் வழியில், பெண்களோடு வந்த அம்மா நின்றுவிட்டார்.

"இன்னாடா பண்ற? ஜனமெல்லாம் பாக்குது, எறங்கு."

"மடி கட்டல மா. அக்கா படத்துக்குக் கீழ மடி கட்டாம வுட்டுட்டானுங்க."

அம்மா பேனரை நிமிர்ந்து பார்த்தார். அதில் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது. கூட வந்தவர்கள் நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா நகரவில்லை.

"கட்டு" என்றார்.

இரண்டு பக்கமும் வளைவு போட்டேன். பெயின்ட் வழிந்தது.

"கட்டிட்டியா?"

"கட்டியாச்சு மா."

"எங்க, அவ கேக்கற மாதிரி படி."

நடுரோட்டில், பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நான் ஐஸ் பெட்டி மேல் நின்று உரக்கப் படித்தேன்: "மடி, ஏ பிளஸ் பி, கட்டியாச்சு, ஸ்கொயர்."