நூற்றுப் பதினைந்துக்கு ஆசைப்பட்டேன்

மூன்றாவது மாடிப் படியில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தாடை வலித்தது. இடது பக்கம், காதுக்குக் கீழே. நெஞ்சு வலிக்கவில்லை. பல் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கிராம்பு கடித்துக்கொண்டேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. எட்டாவது வரை படித்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் படி கூட்டித் துடைக்கும் வேலை. எழுதிப் பழக்கம் இல்லை. என்னைப் போல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நடக்கப் போகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு வாரம் அப்படியே போனது. படி ஏறினால் வலி. உட்கார்ந்தால் போய்விடும். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"பல்லு வலி இன்னா மாடிக்கு மாடி ஏறுது? கீழ வந்தா எறங்கிடுது?"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். மறுநாள் சவாரி எடுக்கவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஈசிஜி (இதயத் துடிப்பைக் கோடாக வரைவது) சரியாகத்தான் இருந்தது. டிரெட்மில் (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, இதயம் தாங்குகிறதா என்று பார்ப்பது) எடுக்கவேண்டும் என்றார்கள். எனக்கு ரத்தக் கொதிப்புக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை உண்டு. துடிப்பைக் குறைத்து வைக்கும் வகை. பரிசோதனை எடுக்கும் பெண் என் சீட்டைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேம்மா. இத மட்டும் ரெண்டு நாள் நிறுத்திட்டு வாங்க. இது போட்டா துடிப்பு மேல ஏறாது. டெஸ்ட் சரியா வராது."

அவள் சொன்னது சரி. அதை நான் பிறகு எடுத்துக்கொண்ட விதம்தான் தப்பு.

இரண்டு நாள் கழித்துப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டையில் ஏறினேன். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. தாடை வலித்தது. நிறுத்தினார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஞ்சியோ (கை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தின் ரத்தக் குழாயைப் படம் எடுப்பது) செய்தார்கள். ஒரு இடம் அடைத்திருந்தது. ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலை) வைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு. பை நிறைய மாத்திரை. பழைய துடிப்பு மாத்திரையும் அதில் இருந்தது, அளவு கூட்டி.

"தினமும் நடங்கம்மா. மூச்சு வாங்காம, பொறுமையா" என்றார் டாக்டரம்மா. நடக்கச் சொன்னது காதில் விழுந்தது. மற்றது விழவில்லை.

பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. உள்ளே ஒரு கம்பி இருக்கிறது. தும்மினால் நகர்ந்துவிடுமோ என்று நினைப்பேன். குனிந்து கோலம் போடவில்லை. மகள் தன் வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினாள். துடிப்பை எண்ணிக் காட்டும் வாட்ச். அது இன்னும் மோசம். அடுப்பில் பால் பொங்கும்போதும் நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் கழித்துப் பூங்காவில் நடக்க ஆரம்பித்தேன். எதிர் வீட்டு பத்மா அக்கா கூட வந்தார். நடந்தே சர்க்கரையைக் குறைத்தவர். நல்ல மனசு, வாய் கொஞ்சம் அதிகம். அங்கே ஒரு பலகை உண்டு. எந்த வயதுக்குத் துடிப்பு எவ்வளவு வரவேண்டும் என்று எழுதியிருக்கும்.

"எவ்ளோ காட்டுது?"

"எண்பத்தெட்டு அக்கா."

"எண்பத்தெட்டா? அது சீரியல் பாத்துகினு உக்காந்திருக்கறவளுக்கு வர்றது. பலகைல பாரு, உன் வயசுக்கு நூத்திப் பதினஞ்சாவது வரணும். இல்லன்னா நீ நடக்கறது செருப்புக்குத்தான் கேடு."

வேகமாக நடந்தேன். தொண்ணூற்று இரண்டு. கையை வீசி நடந்தேன். தொண்ணூற்று ஐந்து. அதற்கு மேல் ஏறவில்லை. இதயம் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். ரத்தம் ஓடாவிட்டால் கம்பி வைத்த இடம் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் சொன்னது ஞாபகம் வந்தது. இது போட்டால் துடிப்பு ஏறாது.

நிறுத்தினேன். அந்த ஒன்றை மட்டும். யாரிடமும் சொல்லவில்லை. மகள் வேளைக்கு வேளை எடுத்து வைப்பதில் அதைத் தனியாக எடுத்து அரிசி டப்பாவில் போட்டேன். குப்பையில் போட மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் நூற்றுப் பதினெட்டு. பத்மா அக்கா கை தட்டினார். எனக்கு அழுகையே வந்தது. பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூற்று நான்கு. புடவைக்கு மேலேயே துடிப்பு தெரிந்தது. இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் நாள் பூங்காவில், சமதரையில், தாடை வலித்தது. வாட்சில் நூற்று நாற்பத்தாறு. நின்றேன். இறங்கவில்லை. உட்கார்ந்தேன். இறங்கவில்லை. பத்மா அக்கா என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். அவர் ஆட்டோவோடு வந்துவிட்டார்.

ஆட்டோ அஸ்தினாபுரம் வழியாகப் போனது. கண்ணாடியில் அவர் கண் தெரிந்தது. அதைப் பார்க்கப் பயந்து வாட்சைப் பார்த்தேன். வாட்சைப் பார்க்கப் பயந்து ரோட்டைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள். எல்லாம் எனக்குச் சம்பந்தம் இல்லாதது போல இருந்தது.

ஊசி போட்டார்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். டாக்டரம்மா வந்து, "மருந்தெல்லாம் ஒழுங்கா போடறாங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "வேளை தவறாம போடுதுங்க மேடம். அதுல கரெக்டு."

முப்பது வருஷத்தில் அவர் எனக்காக யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. அவர் முன்னால்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒண்ண நிறுத்திட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். ஏன் நிறுத்தினேன் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். பலகையையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பலகை இந்த மாத்திரை போடாதவங்களுக்கும்மா. உங்க துடிப்பக் கட்டி வைக்கத்தான் நான் இதக் குடுக்கறேன். டெஸ்டுக்கு ஏன் நிறுத்தச் சொன்னோம்? உள்ள இருக்கற நோவு வெளிய தெரியட்டும்னு. நீங்க அதையே தினமும் செஞ்சிருக்கீங்க. இது திடீர்னு நிறுத்தற மருந்தே இல்ல."

அட்டாக் வரை போகவில்லை. கம்பி அடைக்கவில்லை. நான்கு நாள் இருந்தேன்.

கிளம்பும்போது எனக்கென்று ஒரு கணக்குக் கொடுத்தார். சும்மா இருக்கும்போது என் துடிப்பு அறுபத்தெட்டு. நடக்கும்போது அதைவிட இருபது, மிஞ்சினால் முப்பது கூடலாம். வலியோ தலைசுற்றலோ வந்தால் நிற்கவேண்டும். "இது உங்களுக்குச் சொன்னது. பக்கத்துல நடக்கறவங்களுக்குச் சொல்லாதீங்க" என்றார். அதனால் இதை உங்கள் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் டாக்டரிடம் உங்கள் எண்ணைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும். பேச்சு நடுவில் உடைந்தால் வேகம் அதிகம். வாட்சைவிட அது நம்பகம்.

பத்மா அக்கா இரண்டு வாரம் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து, "என் வாயில கொள்ளிய வைக்க" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பூங்காவுக்குள் நுழையப் பயமாக இருந்தது. வீட்டுக்குள் நடக்கவும் பயமாக இருந்தது. வேலைக்கு இன்னும் போகவில்லை.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் வாசலில் நின்று செருப்பை மாட்டினார். "வா. பேசணுமாமே. நா வர்றேன்" என்றார்.

எங்களுக்குப் பேச விஷயம் இல்லை. முதல் நாள் அவர் கடைப் பெயர்களைப் படித்தார். நான் திருப்பிச் சொன்னேன். "இன்னா, மூணாங்கிளாஸா?" என்றேன். இரண்டாம் நாள் பெட்ரோல் விலை, மூன்றாம் நாள் அவர் அண்ணன் கதை. பிறகு மெல்லப் பழகிவிட்டது.

நேற்று நானே எடுத்தேன்.

"மாத்திரைய நிறுத்தனத உங்ககிட்ட ஏன் சொல்லலன்னா—"

மூச்சு உடைந்தது. நின்றேன். அவரும் நின்றார். கையைப் பிடிக்கவில்லை, வாட்சைப் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி ஒரு தண்ணீர் லாரி போனது. மீதியைச் சொல்ல நேரம் கிடைக்குமா என்று பயந்தேன். முன்பெல்லாம் ஒரு பேச்சை ஆரம்பிக்கும்போது இப்படி நினைத்ததே இல்லை.

"மெதுவா சொல்லு" என்றார். "சவாரி ஒண்ணும் இல்ல."

மூச்சு வந்தது. மீதியைச் சொன்னேன்.