குளிப்பாட்ட ஆள் உள்ள துறைமுகம்

வெள்ளிக்கிழமை காலை நூலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மெல்பேர்ண் புறநகரான மல்கிரேவிலிருந்து டொக்டர் சிவசோதி பேசினார். முதல்நாள் மாலை ஜமால்தீன் அவர்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் காலமாகிவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் கிடந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எல்லாம் ஒழுங்குபண்ணிப் போட்டன். நாளைக்குப் பத்து மணிக்கு எரிப்பு. எங்கட ஆக்களுக்கும் சொல்லியாச்சு" என்றார் டொக்டர்.

"எரிப்போ? ஆரைக் கேட்டனீங்கள்?"

"ஆரைக் கேக்கிறது? இஞ்ச அவருக்கு ஆர் இருக்கினம்? மனுசன் எங்கட ஆள்தானே."

சிவசோதியைக் குறை சொல்லி என்ன? எங்கள் பொங்கலுக்கு வந்து, சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் ஜமால்தீன். அவர் தொழுததை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. மெல்பேர்ணில் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழர்களில் அவரும் ஒருவர், அவ்வளவுதான் என்று பழகிவிட்டோம். அன்பு மிகுந்துபோய், செத்த மனிதரைச் சைவராக்கிவிட்டார்கள். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜமால்தீன் இலங்கையில் பேருவளையைச் சேர்ந்த முஸ்லிம். சில ஆண்டுகளுக்கு முன்பு கிளேட்டன் பல்கலைக்கழகத்துக்கு வரலாற்று ஆய்வாளராக வந்தார். அங்கே நூலகத்தில் ஆசிய நூல்களுக்குப் பட்டியல் அட்டை எழுதுவது என் வேலை. அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை "மாஸ்டர்" என்றே கூப்பிட்டார். அண்ணனை அவர்கள் அழைப்பதுபோல நான் அவரை நானா என்பேன். மலாய்க்கரை முஸ்லிம்களைப் பற்றிய ஒரு நூலை நான் சமயம் என்ற பிரிவில் வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இத மிளகு யாவாரத்துக்குப் பக்கத்துல வைங்க மாஸ்டர்" என்றார். எங்கள் பழக்கம் அந்தச் சண்டையில் தொடங்கியது.

மலபார், சுமாத்திரா, மலாக்கா என்று வெயிலும் மழையும் மிகுந்த பழைய அரசுகளுக்கு இஸ்லாம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே அவருடைய ஆராய்ச்சி. பல துறைமுகங்களில் ராஜாக்கள் கடைசியில்தான் கலிமாச் சொல்லி முஸ்லிமானார்கள் என்பார். அவர்களுக்கு முன்பே தரகர்களும் படகுக்காரரும், வியாபாரிகளைக் கட்டிய உள்ளூர்ப் பெண்களும் சொல்லிவிட்டார்களாம். ஏன் அப்படி என்று ஒருநாள் தேநீர்க் கடையில் கேட்டேன்.

"தூர ஊருக்குப் போற வியாபாரி முதல்ல விலைய விசாரிக்க மாட்டான் மாஸ்டர். அங்க மௌத்தானா மய்யித்தக் குளிப்பாட்ட ஆள் ஈக்கிதா எண்டுதான் விசாரிப்பான். ஆள் ஈக்கிற துறைமுகத்துக்குத்தான் கப்பல் திரும்பத் திரும்பப் போகும். பள்ளிவாசல், காழி, ராஜா எல்லாம் பொறகுதான்."

மௌத்து என்றால் சாவு, மய்யித்து என்றால் பிணம், காழி என்றால் முஸ்லிம் நீதிபதி; ஈக்கிது என்பது அவர் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. தேநீர் குடிக்கும் நேரத்தில் பேசுகிற பேச்சா என்று அன்று சிரித்துவிட்டேன்.

இதை இனிப்பான கதையாக்க யாரையும் அவர் விடமாட்டார். ஒரு கருத்தரங்கில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர், எவ்வளவு அமைதியாகப் பரவிய மதம் என்று பாராட்டினார். நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதே கப்பல்களில்தான் மனிதர்களையும் விற்கக் கொண்டுபோனார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "காத்து திரும்பினா கப்பல் போயிரும். கரையில கட்டின பொண்டாட்டி வயித்துப் பிள்ளையோட நிப்பா. அவட கதைய ஆரு எழுதின?" என்றார்.

அந்தக் கதையை எழுதத்தான் மெல்பேர்ணில் தங்கினார். பேருவளையில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் காத்திருந்தார்கள். பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மிளகுக் கதைக்கு இனிப் பணமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நானா பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனார். குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைக் கண்டு, "ஊருக்குப் போங்கோவன் நானா" என்று கெஞ்சினேன். "புத்தகம் முடியட்டும் மாஸ்டர்" என்றார். கட்டின பெண்டாட்டியைக் கரையில் நிறுத்தியது தானும்தான் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. புத்தகம் முடியவும் இல்லை.

"டொக்டர், அவரை எரிக்கக்கூடாது" என்றேன் தொலைபேசியில்.

"சமயத்திலை பிடிப்பில்லாத மனுசன் எல்லோ?"

"அவற்ற மனுசிக்கு என்ன சொல்லப்போறியள்? சாம்பலை அனுப்பி விடுவியளோ?"

"ஐயோ கடவுளே, நான் அதை யோசிக்கேல்லை" என்றார். எரிப்பை நிறுத்துவது அவர் பொறுப்பாயிற்று. குளிப்பாட்ட ஆள் தேடுவது என் பொறுப்பாயிற்று. இத்தனை காலம் இந்த நகரத்தில் இருந்தும் எனக்கு வேறொரு முஸ்லிமைத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

பிரன்ஸ்விக்கில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்துத் துருக்கியர்கள் தொழுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். காரை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. தொழுகை முடிந்து முதலில் வெளியே வந்தவர் கார்த் தொழிற்சாலை உடுப்பில் இருந்தார். பெயர் ஹசன். என்னைப் போலவே அவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழிதான். முஸ்லிம் ஒருவர் இறந்துவிட்டார், சொந்தக்காரர் இல்லை, குளிப்பாட்டவும் ஆளில்லை என்றேன். எந்த நாடு, என்ன பெயர் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே திரும்பி இரண்டு வார்த்தை சொன்னார். நாலு பேர் சப்பாத்து மாட்டிக்கொண்டு என் காரில் ஏறினார்கள்.

மருத்துவமனைப் பிரேத அறைக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நானாவின் முகத்தை ஒருநாளும் பார்த்திராத மனிதர்கள், அவர் சொன்ன அந்தக் காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். அங்கேதான் அழுதேன்.

சனிக்கிழமை இடுகாட்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. துருக்கியர்கள் வரிசையில் நின்று தொழுதார்கள். வேட்டி கட்டிய நாங்கள் சிலர் ஒதுங்கி நின்றோம். தொழுகை முடிந்ததும், அதை நடத்திய இமாம் கூட்டத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹசன் என் பக்கத்தில் வந்து விளக்கினார். இறந்தவரை எப்படிப்பட்டவராக அறிந்தீர்கள் என்று இமாம் கேட்கிறார். நல்லவராக அறிந்தோம் என்று வந்தவர்கள் சாட்சி சொல்வது அவர்கள் ஊர் வழக்கம். "எங்களுக்கு இவரைத் தெரியாது. மய்யித்தின் முன்னால் பொய் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

சிவசோதிதான் முன்னால் போனார்.

"நல்ல மனுசன்" என்றார் தமிழில். "நாங்கள்தான் அவரை வடிவா அறியேல்லை."

இமாமுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. சிவசோதியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். உடனே துருக்கியர்கள் எல்லாரும் தங்கள் மொழியில் ஒரே குரலாக அந்தச் சாட்சியைச் சொன்னார்கள். நானாவை இறக்கினார்கள். மண் ஈரமாக இருந்தது.

நானா, உங்கள் மனைவிக்கு இன்று எழுதப் போகிறேன். குளிப்பாட்டி, தொழுது, முறைப்படி அடக்கினோம் என்று எழுத முடியும். யார் குளிப்பாட்டினார்கள் என்று அவர் கேட்டால், ஹசனைத் தவிர மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. போய் வாருங்கள்.