கரண்ட் போனால் திருகும் வால்வு

ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டு முன்னறைக்கும் தறிக்கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கொட்டகையில் ஆறு பவர்லூம். தெரு முழுக்கவே அப்படித்தான். அந்தச் சத்தத்தில் நாற்பது வருஷம் நின்ற என் நைனாவுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. திருப்பதிக்கு அழைத்துப் போய்க் காதுக்கு மெஷின் வாங்கி வந்தோம். அதே வாரம் முன்னறையில் நான் நாலடி மீன்தொட்டியும் வைத்தேன். என் புத்தி எப்போதும் இப்படித்தான் வேலை செய்யும்.

தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியே கீழே உள்ள சம்ப்பு என்ற சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டியதை ஒரு சின்ன மோட்டார் திரும்ப மேலே தள்ளும். ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. மூச்சே விடவில்லை பார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு தறி ஓடுவது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

அமாவாசைக்குத் தறி ஓட்ட மாட்டோம். அன்று தெருவே அடங்கியிருந்தபோது நைனா மெஷினை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கே கேட்டது, தண்ணீரோடு காற்றும் சேர்ந்து குழாயில் இறங்கும் அந்தக் களகளப்பு. நைனா முகம் சுளித்து மெஷினைக் கழற்றிவிட்டார்.

“இன்னா நைனா?” என்று கத்தினேன்.

“காதுக்குள்ள யாரோ வாய் கொப்புளிச்சிக்கினே கீறாங்க.”

மோட்டாரை நிறுத்தப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். “மீனு செத்துடும், உட்றா. எனுக்கு இன்னா, கேக்காததே பழகிப்போச்சி.”

மெஷின் அலமாரிக்குப் போனது. மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: “உங்களுக்கு மீனு வேணுமா, மாமாவுக்குக் காது வேணுமா?”

மோட்டாரின் ரீங்காரத்தை அடக்குவது சுலபம். தறிக்காலுக்கு அடியில் வைக்கும் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி மோட்டாருக்குக் கீழே போட்டேன். தொட்டி ஸ்டாண்டின் மரத்தில் உரசிய பிவிசி பைப்பை அறுத்து நடுவே வளையும் ஹோஸ் சேர்த்தேன். களகளப்புதான் மசியவில்லை. இறங்கும் குழாயில் வால்வு வைத்து, காற்று நுழையாமல் குழாய் முழுக்கத் தண்ணீரே நிற்கும் அளவுக்கு அதை மூட வேண்டும். மிஞ்சும் கொஞ்சத் தண்ணீருக்கு இரண்டாவது குழாய். வால்வில் அரைத் திருகு கூடினாலும் குறைந்தாலும் சத்தம் வந்துவிடும். அதைக் காதால் கேட்டுத்தான் திருக வேண்டும். தறி ஓடும் தெருவில் எங்கே கேட்பது? அடுத்த அமாவாசைவரை நைனாவைக் காக்கவைக்க மனசு வரவில்லை.

வழி காட்டியது கரண்ட் கட். கரண்ட் போனால் தெருவில் அத்தனை தறியும் நிற்கும், இன்வெர்ட்டரில் என் மோட்டார் மட்டும் ஓடும். கரண்ட் போனதும் அறுந்த இழையைப் பிடிக்க எல்லோரும் தறிக்கு ஓட, நான் மட்டும் மீன்தொட்டிக்கு ஓடினேன். கொட்டகையில் என்னைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. ஒரு மத்தியானம், நாலாவது முறை கரண்ட் போனபோது, களகளப்பு இழுத்து இழுத்து நின்றது. பல்லியின் சத்தம் கேட்டது.

மெஷினை எடுத்து வந்து நைனாவுக்கு மாட்டினேன். தொட்டியருகே உட்காரவைத்தேன். பழக்கதோஷத்தில், “நைனா! சத்தம் வருதா?” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் துள்ளிவிட்டார். “தண்ணி சத்தம் இல்ல. நீதான்டா கத்துற. பக்கத்துலதானே குந்திக்கினு கீறேன்?”

மெதுவாகப் பேச வாய் திறந்தேன். அது எப்படி என்றே தெரியவில்லை. அவரிடம் நான் சின்ன வயதிலிருந்தே கத்தித்தான் பேசியிருக்கிறேன். அதற்குள் கரண்ட் வந்து ஆறு தறியும் ஒன்றாக அலறின. அவர் கை காதுக்குப் போனது. கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. மெஷினின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

“ம், சொல்லு.”

“துன்னியா நைனா?” என்றேன், அடங்கிய குரலில்.

“துன்னேன்” என்றார்.