பொய்யேற்றம்

ஆற்றங்கரை ஊரான சாந்தா லூசியாவில் யாருக்கு எதில் சந்தேகம் வந்தாலும் பாதிரியார் வரட்டும் என்று தள்ளிப் போடுவார்கள். தண்ணீரைப் பற்றிய சந்தேகம் என்றால் மட்டும் எவிலாசியோவிடம் போவார்கள். பாதிரியார் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். ஆறு ஒரு நாளும் சும்மா இருக்காது. தாழ்வான கொல்லையில் மரவள்ளியை இப்போதே பிடுங்கிவிடலாமா, கோழிக்கூட்டை உயர்த்திக் கட்டலாமா, மாட்டை மேட்டுக்கு ஓட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எவிலாசியோ கரையில் குந்தி, தண்ணீரை ஒரு கை அள்ளி, நிறத்தைப் பார்த்து, நுனிநாக்கில் தொட்டுக்கொள்வார். பிறகு "ஏறும்" என்பார். அல்லது "இறங்கும்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

அவர் குடியிருந்தது அராசா ஏரியின் வாயில். ஏரியையும் ஆற்றையும் இணைக்கும் கால்வாயில், பெருங்கட்டைகளின்மேல் பலகை பாவிக் கட்டிய மிதவை வீடு. ஒரு காலத்தில் பனிக்கட்டி ஏற்றிய வெளியூர்ப் படகுகள் வந்து அந்த ஏரியை வழித்துக்கொண்டு போயின. பிராருக்கு என்னும் பெருமீன் மூச்சுவாங்க மேலே வரும் சத்தமே ஏரியில் இல்லாமல் போனது. ஊர் கூடி ஏரியை வெளியாட்களுக்கு அடைப்பதென்று முடிவு செய்தபோது, அதன் வாயில் காவலுக்கு யார் உட்காருவது என்ற கேள்வி வந்தது. கொசு, தனிமை, துப்பாக்கியோடு வரும் திருடர்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். எவிலாசியோ, "நான் இருக்கேன்" என்றார்.

"என்ன ஒரு வார்த்தை கேட்டியாய்யா?" என்றாள் அவர் மனைவி சுலெய்டி, அத்தனை பேர் நடுவில்.

"நீயும் வா."

அவள் போனாள். மகள் மரில்சா அந்த மிதவையில்தான் நடை பழகினாள், இடுப்பில் கட்டிய கயிற்றோடு.

பிராருக்கு ஆளைவிட நீளமான மீன். தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் காற்றுக்கு மேலே வந்தாக வேண்டும். வந்து, வாயைத் திறந்து, ஒரு பெருமூச்சை விழுங்கிவிட்டு, வாலால் தண்ணீரை அறைந்துகொண்டு போகும். அந்தச் சத்தத்தை வைத்தே எவிலாசியோ அதன் வயதைச் சொல்வார். குஞ்சு வைத்திருக்கும் தகப்பன் மீனுக்குத் தலை கறுத்துவிடும். குஞ்சுகள் அந்தக் கருமையை ஒட்டியே திரியும். அந்த நாட்களில் அவர் ஏரிப் பக்கம் துடுப்பைக்கூட மெதுவாகத்தான் போடுவார்.

"மீனு மூச்சு விட்டா எழுந்து உக்காந்துக்குவாரு," என்று சுலெய்டி துணி துவைக்கும் இடத்தில் சொல்லிச் சிரிப்பாள். "நான் மூச்சு வாங்க வெறகு பொளந்தா காது கேக்காது."

ஆண்டுக்கு ஒருமுறை, தண்ணீர் குறைந்த மாதத்தில், அரசாங்கம் அனுமதித்த அளவுக்கு மட்டும் மீன் எடுப்பார்கள். மீதியைத் தொடமாட்டார்கள். ஊர் முழுக்க ஈட்டியும் வலையுமாக ஏரியில் இறங்கும். அந்த மீன் விற்ற பணத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, வீட்டுக்கு வீடு தண்ணீர்த் தொட்டி வந்தது. எவிலாசியோ ஈட்டி எறிவதை எப்போதோ விட்டுவிட்டார். தகப்பன் மீன் எது என்று கைகாட்டுவது மட்டும்தான் அவர் வேலை.

அந்த ஆண்டு ஆறு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. மணல்திட்டுகள் முதலைகளின் முதுகைப் போல எழுந்து, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து பாலையாகிவிட்டன. கால்வாய் வற்றியது. மிதவை வீடு சேற்றில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுலெய்டி அடுப்பின் ஒரு காலுக்கு அண்டை கொடுத்துச் சமைத்தாள். குடிதண்ணீருக்குப் பாதி நாள் நடந்தார்கள். பெரிய ஏரியில் இளஞ்சிவப்பு டால்பின்கள் செத்து மிதக்கின்றன என்று வானொலி சொன்னது. மீன் வாங்கும் படகு வர வழியில்லை. அராசா ஏரி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கி, அதில் அவர்கள் காத்த அத்தனை பிராருக்குவும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடந்தன. நாள் முழுக்க மூச்சுச் சத்தம். முன்பு அந்தச் சத்தம் கேட்டால் மகிழ்ச்சியாக இருக்கும். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர்த் தலைவி அல்தினா, எவிலாசியோவைவிட மூத்தவள். எவிலாசியோவின் மருமகன், மரில்சாவின் கணவன் ஜுசெலினோதான் முதலில் எழுந்தான்.

"எல்லாத்தையும் அடிச்சிரலாம். உப்பு இருக்கு. கண்டம் போட்டுக் காயவெச்சா, அடுத்த மழை வரைக்கும் ஊரு சாப்பிடும். மிச்சத்த ஆறு ஏறினதும் விக்கலாம். விட்டோம்னா அவிஞ்சு போயிரும், யாருக்கும் ஆகாது."

"எல்லாத்தையுமா?" என்றாள் அல்தினா.

"அக்கா, அது இப்ப ஏரி இல்ல. கொழம்புச் சட்டி."

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் எவிலாசியோவைப் பார்த்தார்கள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜுசெலினோ சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும். "அடிச்சிரலாம்" என்று அவரும் சொன்னார். சொன்ன குரல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுலெய்டிக்கே சரியாகக் கேட்கவில்லை. ஈட்டிகளைத் தீட்டி, இரண்டு நாள் கழித்து இறங்குவதென்று முடிவானது.

மறுநாள் காலையில் ஆறு ஏறியிருந்தது.

ஒரு சாண். கால்வாயின் வாயில் நாக்கு நீட்டியதுபோல் தண்ணீர் உள்ளே வந்து நின்றது. ஊர் மொத்தமும் கரைக்கு ஓடிவந்தது. பெண்கள் அழுதார்கள். சிறுவர்கள் சேற்றில் புரண்டார்கள்.

ஆனால் அந்த ஆற்றில் பொய்யேற்றம் என்று ஒன்று உண்டு. எங்கோ மேலே பெய்த ஒரு மழை, கோடை முடிவதற்குமுன் ஆற்றைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். பிறகு முன்பைவிட ஆழத்துக்கு இறக்கிவிடும். அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். மெய்யான ஏற்றத்தைப் பிரித்தறிய ஒரு வழிதான். அது மேலிருந்து காட்டைச் சுமந்துகொண்டு வரும்: புல்திட்டு, நுரை, வேரோடு பெயர்ந்த மரம். பொய்யேற்றம் வெறுங்கையோடு வரும்.

எவிலாசியோ காலையிலிருந்து கரையில் குந்தியிருந்தார். உச்சிவேளையில் ஆற்றின் வளைவில் ஒரு மரம் வந்தது. முழு மரம். வேரில் மண்ணும், கிளையில் பச்சை இலையும், இலைகளுக்கிடையே ஒரு கொக்கும்.

அவர் எழுந்து நின்றார்.

"மாமா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றான் ஜுசெலினோ. "நகரத்துல ஆத்த அளக்குறவங்க, இன்னும் எறங்கும்னுதான் காலையில ரேடியோவுல சொன்னாங்க."

"ரேடியோவுக்கு மரம் தெரியுமா?"

"சிரிக்கிறதுக்குக் கேக்கல மாமா."

"ஏறும்," என்றார் எவிலாசியோ. பிறகு, வழக்கத்துக்கு மாறாக, இன்னும் பேசினார். "நாலு நாள்ல கால்வாய் தொறந்துரும். மீனு ஆத்துக்குப் போயிரும். ஈட்டிய உள்ள வைங்க."

சுலெய்டி அவர் முகத்தைப் பார்த்தாள். அத்தனை ஆண்டுகளில் அவர் தண்ணீரைப் பற்றி அவ்வளவு நீளமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாள்.

ஈட்டிகள் உள்ளே போயின. பக்கத்து ஊற்றும் வற்றிவிட்டதால் ஆண்கள் குடிதண்ணீர் கொண்டுவரக் குடங்களோடு தொலைவிலிருந்த மலையடி ஊற்றுக்குப் போனார்கள். போய்வர மூன்று நாளாகும். அவர்கள் போன மறுநாளே தண்ணீர் நின்றது. அதற்கு அடுத்த நாள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. எவிலாசியோ துடுப்புப் போட்டும், பிறகு இடுப்பளவு சேற்றில் ஓடத்தை இழுத்தும், மேல்வளைவு வரை போய்ப் பார்த்தார். அங்கே கரை ஒரு வீட்டளவுக்கு அப்படியே சரிந்திருந்தது. வறட்சியில் தண்ணீரின் தாங்கல் போனால் கரை தானாகவே விழும். அந்த மரம் எந்த மேல்நாட்டுக் காட்டிலிருந்தும் வரவில்லை. அடுத்த வளைவிலிருந்து வந்தது. போன வாரம் அவரே அதன் நிழலில் ஓடத்தை நிறுத்தியிருக்கிறார்.

உள்ளே புகுந்த அந்தச் சிறிது தண்ணீர் அடிச்சேற்றைக் கலக்கிவிட்டுப் போயிருந்தது. மேலே மேகமில்லாத வெயில். குட்டையில் கை வைத்தால் வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தது. பிற்பகலில் முதல் மீன் வெள்ளை வயிற்றைக் காட்டியது. எவிலாசியோ தன் பழைய ஈட்டியை எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாக இறங்கினார். மரில்சாவும் சில பெண்களும் கத்திகளோடு வந்தார்கள். இரண்டு மீனைக் கரையேற்றினார்கள். மூன்றாவதை இழுக்கும்போதே தோல் கையோடு வந்தது. மாலைக்குள் மூச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு அங்கொன்று இங்கொன்று. தலை கறுத்த தகப்பன் ஒன்று அவர் காலருகே வந்து வாயைத் திறந்தது. மூடவில்லை.

குடங்களோடு திரும்பிய ஆண்களை நாற்றம்தான் முதலில் எதிர்கொண்டது. ஜுசெலினோ கரையில் நின்று பார்த்தான். வானத்தில் கழுகுகள் திருவிழாக் கூட்டம்போல் சுற்றின.

"மரம் தெரிஞ்சவரு எங்க?" என்று கேட்டான்.

அவன் கேட்டது அந்த ஒன்றுதான். மற்றவர்கள் அதுவும் கேட்கவில்லை. தலை குனிந்து மீனை இழுத்துக் குழியில் போட்டார்கள். எவிலாசியோவும் அவர்களோடு இழுத்தார். யாராவது வைதால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்களே தவிர வையவில்லை.

அதன்பிறகு காவல் காக்க ஏரியில் ஒன்றுமில்லை. அவரும் சுலெய்டியும் மகள் வீட்டுத் திண்டாட்டத்தில் பங்கு கொள்ளக் கரைக்கு வந்தார்கள். மீன் போன ஊர் மண்ணை நம்பியது. ஆறு விட்டுப்போன அகன்ற மணல்கரையில் தட்டைப்பயறும் தர்பூசணியும் போட்டார்கள். அத்தனை பெரிய கரை யாரும் கண்டதில்லை; கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. வீட்டில் இருந்தது மரவள்ளி மாவும் உப்பும்தான். பயறு வந்தால் பிழைப்பு.

பயறு காய்த்து, இன்னும் முற்றாமல் இருந்த நாட்களில், எவிலாசியோ எறும்புகளைப் பார்த்தார். முட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தன. நத்தைகள் நாணல் தண்டில், தண்ணீருக்கு வெகு உயரத்தில், இளஞ்சிவப்பு முட்டைகளை ஒட்டியிருந்தன. ஆற்றைக் கையில் அள்ளினார். நாக்கில் தொட்டார். வேறு மண்ணின் ருசி. தொலைவிலிருந்து வந்த மண்.

அன்று மரில்சா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, பயறு இன்னும் பாலாத்தான் இருக்கு. பச்சையாப் பறிச்சா பாதிதான் தேறும். ஒரு வாரம் விட்டா முழுசாக் கெடைக்கும். அல்தினாக்கா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. விடலாமா?"

மீன் செத்த பிறகு ஊர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அவர் வாயில் "ஏறும்" என்ற சொல் வந்து நின்றது. அவர் கண்முன் ஒரு மரம் பச்சை இலையோடு வளைவைத் திரும்பி வந்தது.

"எனக்குத் தெரியாதும்மா."

"சும்மா, உங்களுக்கு என்ன தோணுது?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல."

அவள் எழுந்து அல்தினாவிடம் போனாள். ஊர் ஒரு வாரம் விடுவதென்று முடிவு செய்தது.

நான்காம் நாள் ஆறு வந்தது. காட்டையே தோளில் போட்டுக்கொண்டு வந்தது. விடியும்போது கரையின் பாதி இல்லை. எல்லோரும் மார்பளவு தண்ணீரில் நின்று, கொடியைக் கையால் தடவித் தடவிப் பறித்தார்கள். தர்பூசணிகள் அறுந்து, பச்சைத் தலைகளைப்போல உருண்டு போயின. எவிலாசியோ முதல் ஆளாக இறங்கினார், கடைசி ஆளாக ஏறினார். அவர் கூடையில் இருந்தது ஒரு வேளைக்கு வரும்.

சுலெய்டி அவருக்கு உலர்ந்த சட்டையைக் கொடுத்தாள்.

"ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சு," என்றாள், குரலைத் தாழ்த்தி.

அவர் சட்டையை வாங்கினார். தலையைக் குனிந்தபடி மாட்டிக்கொண்டார்.

"அன்னிக்குப் பேசுனதுக்கு ஊரு ஒன்ன மன்னிச்சிரும்யா. இதுக்கு..." அவள் முடிக்கவில்லை. அல்தினா அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள்.

கிழவி முழங்கால் வரை சேறும், கையில் வெறுங்கூடையுமாக வந்து, எவிலாசியோவின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். பிறகு அவர் முதுகில் கை வைத்தாள்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காத தம்பி," என்றாள். "ஒன்மேல ஒரு தப்பும் இல்ல. இந்த ஆறு இப்பல்லாம் யாருக்குமே புரியறதில்ல. ஒனக்கே புரியலன்னா நாங்க எந்த மூலைக்கு?"

சுலெய்டி கூடையிலிருந்த பயற்றைத் தரையில் கொட்டி உரிக்கத் தொடங்கினாள். எவிலாசியோ தலையை ஆட்டினார். அல்தினா கையை எடுக்கும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.